ஓமஹா வாத்து

அந்தக் கூட்டுப்பண்ணையில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். இருபத்தொரு பேருக்குக் கடவுள் இல்லை. இருபத்திரண்டாவது ஆள் ஹிண்டாவின் மாமனார் கெட்ஸல்.

மற்றவர்களில் முப்பதைத் தாண்டியவர் யாரும் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, யூதன் என்றால் மூட்டை தூக்கி விற்கத்தான் லாயக்கு என்ற பேச்சைக் கலப்பை பிடித்துப் பொய்யாக்குவோம் என்று ரஷ்யாவிலிருந்து கிளம்பி, அமெரிக்காவின் டகோட்டாப் புல்வெளியில் வந்து இறங்கியவர்கள். மாடும் மண்வெட்டியும் பொது. பூட்ஸ்கூடப் பொதுதான், யார் காலுக்குப் பொருந்துகிறதோ அவர் போட்டுக்கொள்ளலாம். ஒருவரையொருவர் தோழர் என்றார்கள். பழைய பெயர்களைக் கப்பலிலேயே கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஹிண்டா, யெலேனா ஆகியிருந்தாள். அவள் கணவன் நோஹெம், நவூம் ஆகியிருந்தான். அக்கம்பக்கத்து அமெரிக்கர்கள் அவனை நார்மன் என்றார்கள். அதற்கும் திரும்பிப் பார்த்தான்.

கிழவர் மட்டும் நோஹெம் என்றும் ஹிண்டா என்றும்தான் கூப்பிட்டார். அவரை விட்டுவிட்டு வர இடம் இல்லாமல்தான் கூட்டி வந்திருந்தார்கள். ஊரில் யூதர்களைத் தாக்கிக் கலவரம் நடந்த அன்று அவருடைய புத்தகம் கட்டும் பட்டறையை உடைத்து, தாள்களைத் தெருவில் முழங்கால் உயரத்துக்குக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். டகோட்டாவில் அவருக்குக் கட்டுவதற்குப் புத்தகம் இல்லை. மாட்டின் சேணவார்களைப் புத்தகத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வார்கள் அறுந்ததே இல்லை.

முதல் வருடக் கோதுமையை ஆலங்கட்டி மழை அரைமணி நேரத்தில் தரையோடு தரையாக அடித்துப் போட்டது. குளிர்காலத்துக்கு மிஞ்சியது ரொட்டி, உருளைக்கிழங்கு, பீன்ஸ். இருந்த ஒரே பசுவும் நவம்பரில் பால் வற்றிவிட்டது. அப்போதுதான் கிழக்கே இரண்டு மைலில் இருந்த ஒட்டீலியா பன்றி அடித்தாள். அவள் ஜெர்மன்காரி, ஒடெஸாப் பக்கத்திலிருந்து வந்தவள். இவர்கள் பேசும் யித்திஷ் அவளுக்குப் புரியும், அவள் ஜெர்மன் இவர்களுக்குப் புரியும். அவளுடைய ஏழு குழந்தைகளுக்கும் ஹிண்டா சட்டை தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பதிலாக அரைப் பன்றியும், ஒரு ஜாடி நிறைய உருக்கிய கொழுப்பும் வந்தன.

பண்ணையில் அன்று விழா மாதிரி இருந்தது. லேவா என்ற தோழர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, யூதனுக்குப் பன்றி ஆகாது என்ற மூவாயிரம் வருடத்துச் சங்கிலி இந்த ஒரு வாய் இறைச்சியில் அறுந்துபோகிறது என்று பேசினான். ஹிண்டாவும் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது. கிழவர் தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவருக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி. அதை ஹிண்டா யாரையும் தொட விடவில்லை. "தோழர் யெலேனா சமையலறைக்குள்ளே ஒரு கோயில் கட்டியிருக்காங்க" என்று லேவா கேலி செய்தபோதுகூட, "போடா, அந்தக் கரண்டியத் தொட்டே, கைய ஒடிச்சுருவேன்" என்றாள்.

ஆனால் வெறும் பீன்ஸைத் தண்ணீரில் வேகவைத்துத் தின்று அந்தக் குளிரை ஒரு கிழவர் தாங்க முடியுமா? டிசம்பர் நடுவில் அவருடைய ஈறில் ரத்தம் கசிந்தது. கோட்டு, ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. ஒருநாள், பனிப்புயலில் வழி தவறாமல் கொட்டிலுக்குப் போகக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனவர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். நவூம் தூக்கிக்கொண்டு வந்தான். "சுள்ளிக் கட்டு மாதிரி இருக்காரு" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

தகவல் தெரிந்து ஒட்டீலியா வந்து பார்த்தாள். கிழவரின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ஹிண்டாவை வெளியே கூப்பிட்டாள்.

"இந்த மனுஷனுக்கு மருந்தெல்லாம் வேண்டாம் பொண்ணே. கொழுப்பு வேணும். தினம் ரெண்டு கரண்டி. இல்லன்னா வசந்தத்துக்குத் தரை இளகறதுக்குள்ள நீங்க குழி வெட்டணும். இந்த உறைஞ்ச தரையில குழி வெட்டறது என்ன பாடுன்னு எனக்குத் தெரியும்."

மறுநாள், தினம் ஒரு விளக்கைக் கூட்டி ஏற்றும் ஹனுக்கா பண்டிகையின் மூன்றாவது நாள். கிழவர் ஓர் உருளைக்கிழங்கைக் குடைந்து, திரி வைத்து, மூன்று விளக்குகளை ஏற்றினார். அவர் முதுகைத் திருப்பி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது ஹிண்டா ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அவருடைய தனிப் பானையில் போட்டாள். ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் இருந்தது. அவளுக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதே.

கிழவர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா இது? கொழுப்பா?"

"வாத்துக் கொழுப்பு மாமா. ஓமஹாவுல நம்மாளுங்க இருக்காங்களாம். ரயில்ல அனுப்பியிருக்காங்க."

"அறுத்தது யாரு?"

"அங்க முறைப்படி அறுக்கிறவர் ஒருத்தர் இருக்காராம். ரெப் ஷ்மார்யான்னு பேரு."

'ரெப்' என்ற மரியாதைச் சொல்லோடு அந்தப் பெயர் எங்கிருந்து நாக்கில் வந்து நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. கிழவர் ஒரு நிமிடம் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரெப் ஷ்மார்யா நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, பானையை வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, அதற்குரிய நன்றி ஜெபத்தை ஒரு சொல் விடாமல் சொன்னார். ஹிண்டா பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

மூன்று வாரத்தில் அவர் கன்னத்தில் சதை பிடித்தது. ஈறு ஆறியது. நவூமுக்கு விஷயம் தெரிந்தபோது அவளை இழுத்து அணைத்து, "அப்பாவக் காப்பாத்திட்டே" என்றான். பண்ணைக்கே தெரிந்துபோனது. யாரும் வெளியே விடவில்லை. ஆனால் இருபது பேர் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பார்கள்? வெளியே புயல், உள்ளே முறுக்கிய வைக்கோலை எரித்துக் குளிர்காய்வதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் லேவா ஆரம்பித்தான்.

"ஐயா, அந்த ஓமஹா ரெப் ஷ்மார்யாவ நான் பாத்திருக்கேன். செவப்புத் தாடி. கத்திய அப்பிடி ஒரு தீட்டு தீட்டுவாரு பாருங்க, வாத்தே வரிசையில வந்து நிக்கும்."

மேசையில் அடக்கிய சிரிப்பு ஓடியது.

"அப்பிடியா?" என்று கெட்ஸல் ஆர்வமாகக் கேட்டார். "வாத்து பெருசா இருக்குமோ?"

"பெருசாவா? நாலு காலும் தரையில ஊனி நின்னா..."

சிரிப்பு வெடித்துவிட்டது. ஒருவன் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினான். நவூம் குனிந்து ரொட்டியைப் பிய்த்தான், அவன் தோளும் ஆடியது. கிழவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார். "நாலு காலு வாத்து! இந்தப் பய வாயி இருக்கே" என்று தொடையில் தட்டிக்கொண்டு, பல் தெரிய, நெடுநாள் கழித்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த ஹிண்டா தன் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அன்று சாயங்காலம் ஜாடியைத் திறந்து கரண்டியை விட்டவள் வெகுநேரம் அப்படியே நின்றாள். அப்புறம் போட்டாள். போடாமல் விட்டால் அவர் திரும்பவும் மெலிவார். சொல்லிவிட்டால், சாப்பிட மாட்டார். இரண்டுக்கும் நடுவே அவளுக்கு வழி தெரியவில்லை. வழி தெரியவில்லை என்று சொல்லிக்கொள்வது சௌகரியமாகவும் இருந்தது.

ஏப்ரலில், சாப்பாட்டு விலக்குகள் மிகக் கடுமையான எட்டு நாள் பாஸ்கா பண்டிகை வந்தது. கிழவர் கேட்டுக்கொண்டபடி ஹிண்டா அடுப்பைத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, புளிக்காத ரொட்டியை அவர் கண்ணெதிரே விறுவிறுவென்று சுட்டுக் கொடுத்தாள். அந்த எட்டு நாளும் ஜாடியை அவள் திறக்கவில்லை. கோழிகள் முட்டையிடத் தொடங்கியிருந்தன. முட்டையும் உருளைக்கிழங்கும் அவித்துக் கொடுத்தாள். "வாத்து தீந்துபோச்சா?" என்று கேட்டார். "இந்த வாரம் வரல மாமா" என்றாள். ஒன்பதாம் நாள் திரும்பவும் போட்டாள்.

பண்டிகை முடிந்த கையோடு அவர் ஒரு கடிதம் எழுதினார். ரஷ்யாவில், கிரெமென்சுகில் அவருடைய தங்கை பெஷா இருந்தாள், விதவை. இரண்டு பெண் குழந்தைகள், கருவாட்டுக் கடை. போன வருடம் இவர்கள் கூப்பிட்டபோது, அமெரிக்காவில் எல்லாரும் கெட்டுப்போய்விடுகிறார்களாம், கண்டதையும் தின்கிறார்களாம், நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டவள்.

கெட்ஸல் கடிதத்தை ஹிண்டாவிடம் படித்துக் காட்டினார். 'இங்கே பிள்ளைகள் பேசுவதெல்லாம் வாய்ப்பேச்சுதான், பெஷா. மனம் நல்ல மனம். என் மருமகள், மனித வாடையே இல்லாத இந்தப் பனிக்காட்டில், எனக்காக முறைப்படி அறுத்த வாத்தின் கொழுப்பை வரவழைத்து என் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாள். பெற்ற மகள் இப்படிச் செய்வாளா என்று தெரியாது. இங்கே நம்மவர்களாகவே இருக்கலாம். நான் இருக்கிறேன். பயப்படாமல் வா.'

"ஆங்கிலத்துல விலாசம் எழுதிக் குடுத்துடு ஹிண்டா. தபாலாபீசுக்கு நீயே கொண்டு போம்மா. இந்தப் பயலுங்க வழியில தொலைச்சிருவாங்க."

தபாலாபீஸ் என்பது ஆறு மைல் தள்ளி ஒரு பண்ணைவீட்டின் முன்னறை. சேற்றில் நடந்தாள். நடுவில் ஓர் ஓடை, பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரையில் நின்று கடிதத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். விட்டால் போய்விடும். யார் கேட்கப் போகிறார்கள்? கடல் கடக்கும் கடிதங்கள் எத்தனையோ தொலைகின்றன.

ஏன் விடவில்லை என்று பிற்பாடு அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. விட்டிருந்தால் தான் செய்ததற்குத் தப்பு என்று பெயர் வைத்ததாகிவிடும், அதனால்தான் என்று சில நாள் தோன்றும். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் நவூமிடம்கூடச் சொன்னதில்லை. தன்னைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. பெற்ற மகளைவிட மேல் என்று எழுதியிருந்தது. அதை ஓடையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. முன்னறையில் உட்கார்ந்திருந்த அம்மாள் தபால்தலையை ஒட்டி முத்திரை குத்தினாள். சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

ஜூலைத் தொடக்கத்தில் பெஷா வந்து இறங்கினாள். கடையை விற்று, வீட்டை விற்று, இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு, தன் பானை சட்டிகளை வைக்கோல் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். குள்ளமான, கட்டையான பெண்மணி. புல்மண்ணைச் செங்கல்லாக வெட்டி அடுக்கிய அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், "எலி வளை மாதிரி இருக்கு" என்றாள், ஆனால் அண்ணனின் கன்னத்தைக் கையால் தடவிப் பார்த்து அழுதாள். "எலும்பும் தோலுமா இருப்பேன்னு நெனச்சேன் அண்ணே. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கியே!"

அன்று மாலையே எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. கிழவரின் பானையிலிருந்தே தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறினாள் ஹிண்டா. அன்று அதில் கொழுப்பு போடவில்லை. ஆனால் அது அந்தக் கொழுப்பில் ஊறிய அதே பானை, அதில் வெந்த எதுவும் அவர்களுக்கு ஆகாது.

பெஷா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள். "நீ சொன்ன அந்த ஓமஹா ரெப் ஷ்மார்யா யாரு அண்ணே? எந்த ஊரு? எங்க வீட்டுக்காரர் வகையில ஒரு ஷ்மார்யா உண்டு."

"ஹிண்டாவக் கேளு. ஏற்பாடெல்லாம் அவதான்."

லேவாவால் சும்மா இருக்க முடியவில்லை. "அத்தை, அந்த வாத்து இப்ப சேத்துல பொரண்டுக்கிட்டு இருக்கு. வெயில் காலமில்ல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ஸலும் சிரிக்க வாயெடுத்தார். பெஷா சிரிக்கவில்லை. அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். சின்னப் பெண் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஹிண்டா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"சாப்பிடாதே கண்ணு." பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, அது வாத்து இல்ல."

"வாத்து இல்லன்னா?"

"ஒட்டீலியா வீட்டுப் பன்னி."

சிரிப்பு நின்றது. பெஷா இரண்டு பெண்களின் தட்டையும் இழுத்து மேசை நடுவே தள்ளினாள். கிழவர் அசையவில்லை. வெகு நிதானமாக, கணக்கு வாத்தியார் கேட்பதுபோலக் கேட்டார்.

"எப்பத்திலேருந்து?"

"ஹனுக்கா மூணாம் விளக்குலேருந்து."

"பாஸ்காவுக்கும் போட்டியா?"

"இல்ல மாமா! அந்த எட்டு நாளும் போடல. சத்தியமா போடல."

அது ஒரு நல்ல பதில் என்று நினைத்துத்தான் அவசரமாகச் சொன்னாள்.

"ஏன் போடல?"

லேவாகூட அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மனசு வரல மாமா."

"ஓ." கிழவர் தலையை ஆட்டினார். "அப்ப அது என்னன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தப் பயலுங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடிய நவூமை, "நீயும்தானே சிரிச்சே நோஹெம்" என்ற ஒரே சொல்லில் நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலையில் கொட்டிலில் அவர் சேணவார் தைத்துக்கொண்டிருந்தார். ஹிண்டா போய் நின்றாள். கத்துவார், சபிப்பார் என்று தயாராகப் போயிருந்தாள். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுப் பேசினார்.

"உசிரு போற நெலமையில பன்னியும் தின்னலாம்னு எங்க சட்டத்துலயே இருக்கு. தின்னுதான் ஆகணும்னே இருக்கு. அது தெரியுமா உனக்கு?"

"தெரியாது மாமா."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். மாமா, இது பன்னி, இத விட்டா வேற இல்ல, செத்துப்போயிடுவீங்கன்னு சொல்லியிருந்தா, கண்ண மூடிக்கிட்டு முழுங்கியிருப்பேன். ஜெபம் சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவுதான். அழுதுகிட்டே தின்னுருப்பேன். ஆனா நாந்தான் தின்னேன்னு இருந்திருக்கும். நீ என்கிட்ட கேக்கல. ஒரு மாட்டுக்குத் தவிடு கலந்து வெக்கிற மாதிரி வெச்சே."

"தப்பு மாமா."

"அதுகூடப் போகட்டும். இவள வரவெச்சியே." தலையால் வீட்டுப் பக்கம் காட்டினார். "என் கையால எழுதவெச்சு வரவெச்சே. அவளுக்குத் திரும்பிப் போக ஒரு கூரை இல்ல. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது, சொல்லு யெலேனா."

அவர் வாயில் அந்தப் பெயரை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபமாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார்.

வார முடிவில் பெஷா சியூ சிட்டிக்குக் கிளம்பினாள். அங்கே பத்துப் பன்னிரண்டு யூதக் குடும்பங்கள் இருந்தன. அண்ணனும் கூடவே போனார். நவூம் வண்டியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இருங்கப்பா" என்று கெஞ்சினான். "நீ வேலையப் பாரு. மழைக்கு முன்னாடி அறுத்துடு" என்று மட்டும் அவர் சொன்னார்.

நவூமுக்கு அவள்மேல் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நீ என்ன கொலையா பண்ணிட்டே? நீ போடலன்னா போன ஜனவரியிலேயே அவர் இல்ல. மூட நம்பிக்கைக்கு நீ ஏன் அழறே?" என்பான். அவன் சொல்வது ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருக்கும். அவள் தலையாட்டிவிட்டுப் பீன்ஸ் உரிப்பாள். பண்ணையில் வேறு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லேவா மட்டும் ஒருநாள் வந்து, அவள் சொல்லாமலே இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் இறுதியில், பாவநிவர்த்தி நாளுக்கு மூன்று நாள் முன்பு, ஒரு நார்வேக்காரரின் வண்டியிலும் பிறகு ரயிலிலுமாக ஹிண்டா சியூ சிட்டிக்குப் போனாள். மனிதனுக்குச் செய்ததற்கு மனிதனிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்த நாளுக்கு முன்பே கேட்க வேண்டும் என்பது சின்ன வயதில் கேட்டது. நம்பிக்கை இல்லை. இருந்தாலும் போனாள்.

ஆற்றங்கரைச் சந்துக்குள் இரண்டு அறைகள். பெஷா பீப்பாயில் மீன் ஊறப்போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வா" என்றாள். உள்ளே ஜன்னலோரம் கெட்ஸல் உட்கார்ந்து, நார்வேக்காரர்களின் தேவாலயப் பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தார். விரல்களில் பசை. கன்னம் பழையபடி ஒட்டத் தொடங்கியிருந்தது.

"சிலுவை போட்ட புத்தகம்" என்றார், அவள் பார்ப்பதைப் பார்த்து. "பசையில என்ன கலந்திருக்குன்னு நான் கேக்கல. உக்காரு."

அவள் உட்காரவில்லை. "மாமா, என்னை மன்னிச்சிடுங்க."

"மூணு தடவை கேக்கணும். கேட்டா குடுக்கணும், குடுக்கலன்னா பாவம் என் தலையில. ரெண்டு தடவை மிச்சப்படுத்திக்கோ. மன்னிச்சாச்சு."

அது அவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனது. கையிலிருந்த அட்டையைத் திருப்பி அடுத்த ஓரத்துக்குப் பசை தடவ ஆரம்பித்தார். அவளுக்கு அழுகை வந்தது.

"வாயளவுல சொல்றீங்க மாமா. திட்டிடுங்க. ரெண்டு வார்த்தை திட்டிடுங்க."

கிழவர் தூரிகையைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"திட்ட என்ன இருக்கு? நீ போடலன்னா நான் இல்ல. அது எனக்கு நல்லாத் தெரியும். அதுதான் கஷ்டம். காலையில கண்ணு முழிச்சதும் முதல் காரியமா, உசிரத் திருப்பிக் குடுத்தியே ஆண்டவனேன்னு நன்றி சொல்வோம். அறுபது வருஷமா சொல்றேன். இப்ப அந்த இடம் வந்ததும் உன் அடுப்பு கண்ணுல வந்து நிக்குது. அந்தப் பயலுங்க சிரிப்பு காதுல கேக்குது. பாதியில நின்னுபோகுது. அப்புறம் மூஞ்சி கழுவப் போயிடறேன்."

ஹிண்டா கீழே விழுந்து கிடந்த ஒரு நூல்துண்டைப் பொறுக்கி மேசையில் வைத்தாள்.

"மன்னிச்சது மன்னிச்சதுதான்" என்றார் அவர், கொஞ்சம் இறங்கிய குரலில். "வண்டி எப்ப? டீ குடிச்சிட்டுப் போ."

பெஷா டீ கொடுத்தாள். பெரிய பெண் வந்து, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டியது. கிளம்பும்போது பெஷா வாசல்வரை வந்து, "இங்க எனக்கு ஏவாரம் பரவால்ல. அதையும் சேத்து மனசுல போட்டுக்காதே" என்றாள்.

பண்ணைக்கு வந்து சேர்ந்தபோது உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். நவூம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான். "என்ன சொன்னாரு?"

"மன்னிச்சிட்டாரு."

"நான்தான் சொன்னேனே." அவன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "முடிஞ்சுது பாரு."

அவள் முழங்காலிட்டு, அவன் தோண்டிப் போட்ட கிழங்குகளை மண்ணை உதறிச் சாக்கில் போட்டாள். அது இன்னும் முடியவில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் தகப்பனுக்கு அவள் உயிரைத் திருப்பிக் கொடுத்து, அந்த உயிருக்கு நன்றி சொல்லும் வாயை எடுத்துக்கொண்டாள் என்று சொன்னால் அவனுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. புரிந்துவிட்டால் அவனும் அதைச் சுமக்க வேண்டும். சாக்கு நிறைந்ததும் வாயைக் கட்டிவிட்டு அடுத்த சாக்கை விரித்தாள்.